பதிவு எண் இல்லாத டாக்டரம்மா

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அறையைப் பூட்டி சீல் வைக்க வந்த சுகாதார இன்ஸ்பெக்டரைச் சட்டையைக் கழற்றச் சொன்னவள் நான். அவரும் மறுபேச்சில்லாமல் கழற்ற ஆரம்பித்தார், அதுதான் கொடுமை!

1983. சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டுத் தென்காசியில் வந்து இறங்கியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. தலைக்கனத்துக்கு அறுபது இருக்கும். வாதத்தில் கை விழுந்தவர்களைச் சோறு பிசையவும் பட்டன் போடவும் பேனா பிடிக்கவும் மறுபடி பழக்குகிற படிப்பு அது. ("ஏட்டி, சோறு பிசையச் சொல்லிக் குடுக்கவா இத்தனை வருசம் படிச்ச?" என்றான் அண்ணன். அவன் கிடக்கான்.) டாக்டருக்கு அரசுப் பதிவு உண்டு, நர்ஸுக்கு உண்டு, மருந்துக்கடைக்காரருக்கும் உண்டு. எங்கள் பெயரை எழுதிக்கொள்ள மட்டும் மாநிலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. லைசென்ஸ் வாங்க நான் ரெடி, கொடுக்கத்தான் ஆளில்லை.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? குற்றாலம் ரோட்டில் ஒரு அறை பிடித்துவிட்டேன். "சீசன் முடியதுக்குள்ள ஒரு பேஷண்ட்டாவது வரணும். இல்லன்னா ரூமைக் காலி பண்ணிட்டு பேங்க் பரீட்சை எழுது" என்று அப்பா கெடு வைத்தார்.

போர்டு எழுதிய பெயிண்டர் அண்ணாச்சி என் பெயருக்குக் கீழே, நான் கேட்காமலே, 'அரசு பதிவு பெற்றவர்' என்று சிவப்பில் தீட்டிவிட்டார்.

"எனக்குப் பதிவே கிடையாதே அண்ணாச்சி!"

"டாக்டர் போர்டுன்னா அந்த வரி இல்லாம நான் எழுதுனதே இல்ல, தாயி. பாக்க அம்சமா இருக்கா இல்லியா?"

அம்சமாகத்தான் இருந்தது. அழிக்கச் சொல்ல மனசு வரவில்லை. (புத்தி எங்கே போச்சு என்று கேட்காதீர்கள்.)

மூன்று வாரம் ஈ, காக்கா வரவில்லை. அருவியில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து, "துணி மாத்திக்கிடலாமா?" என்று கேட்டவர்கள்தான் வந்தார்கள். அப்புறம் ஒருநாள், சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில், துண்டு இல்லாமல், உலர்ந்த சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். பேஷண்ட்! எனக்குக் கை கால் ஓடவில்லை.

"நான் எதுக்கு வந்திருக்கேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். உக்காருங்க. சட்டையைக் கழட்டுங்க."

எங்கள் ஊரில் வெள்ளைக் கோட்டைக் கண்டால் போதும், நாக்கை நீட்டு என்பதற்கு முன்னாலேயே நீட்டிவிடுவார்கள். அவரும் பட்டனில் கை வைத்தார். இரண்டாவது பட்டனிலேயே வலது கட்டைவிரல் திணறியது.

"பேனா பிடிக்கவும் கஷ்டமா இருக்கா?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஆறு மாசமா. கையெழுத்து கோணிக்கிட்டுப் போகுது. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. பட்டன்கூட வீட்டுல அவதான் போட்டுவிடுதா" என்றார் மெதுவாக.

கேட்கப் பாவமாக இருந்தது. அதே சமயம் சந்தோஷத்தில் குதிக்கவும் தோன்றியது, படித்தது பலிக்கப் போகிறதே! பழைய சைக்கிள் டியூபை வெட்டி அவர் பேனாவில் தடிமனாகச் சுற்றினேன். விரல்களை எப்படி வைப்பது என்று காட்டினேன். "இப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க!"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் அடியில் போட்டார். நேராக, அழகாக, கோணாமல் விழுந்தது கையெழுத்து. நான் கைதட்டினேன். அப்போதுதான் வாசலில் பியூன் குரல் கேட்டது.

"சார், பூட்டு, அரக்கு எல்லாம் கொண்டாந்துட்டேன். சீல் எங்கன வைக்கணும்?"

குனிந்து தாளைப் பார்த்தேன். போலி டாக்டர் என்று என் அறையை மூடச் சொல்லும் நோட்டீஸ். கையெழுத்துப் போட வைத்தவளே நான்தான்!

ஓவென்று அழுதேன். படிப்புச் சான்றிதழ், பெயிண்டர், பேங்க் பரீட்சை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அந்தச் சிவப்பு வரியை இன்னைக்கே அழிச்சிரணும். பிறகு, ரூமுக்கு ஏதாவது ஒரு லைசென்ஸ் வேணும்லா?" என்று லைசென்ஸ் தொழில்களின் பட்டியலை எடுத்தார். ரைஸ் மில், சோடா கம்பெனி, செங்கல் சூளை என்று விரல் இறங்கியது. என் தொழில் எங்குமே இல்லை. மேஜையில் நான் விரல் பயிற்சிக்காக அடுக்கியிருந்த மரக்குச்சிகளைப் பார்த்தார்.

"விறகுக்கடைன்னு போட்டுருதேன்."

மறுவாரத்திலிருந்து அவர்தான் என் முதல் பேஷண்ட். அவர் சொல்லித்தான் கடையம், வீரகேரளம்புதூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அப்பா பேங்க் பேச்சை விட்டார். நானோ வாங்கிய ஒரே லைசென்ஸ் என்ற பெருமையில் அதைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன்.

அங்கேதான் வினை. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா அதை நிதானமாக வாசித்துவிட்டு, "மழைக்காலத்துல விறகை எங்கனம்மா காய வைக்க?" என்று கேட்டார். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்கிறார்: "விறகுக்கடைக்காரின்னு நம்பித்தான் கட்டுனேன். இத்தனை வருசத்துல ஒரு சுள்ளி கொண்டாரல!"