மண்டை டிரெஸர் வாங்கிய அறை

எவருக்கும் பயன்படாத அறிவை மூட்டை மூட்டையாகச் சுமந்த மனிதர் மலாயாவின் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். கூலிம் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய மண்டை டிரெஸர்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். காய்ச்சலுக்கான கொய்னா தீர்ந்தது, கட்டுத்துணி தீர்ந்தது. டிரெஸரும், அவர் வாயும், ஆயாவாக இருந்த நானும் மிஞ்சினோம். டாக்டர் விட்டுப்போன தடிப் புத்தகத்தில் மூளைக்கட்டிப் பாடத்தை மட்டும் இந்த மேதை படித்திருந்தார். கால் விரலில் வெட்டுப்பட்டு வந்தவனுக்கும் கண் இமையை விரித்துப் பார்ப்பார்.

"மொதல்ல மண்டை சரியா இருக்கான்னு பாப்போம்லா."

என் அண்ணனுக்கு ஓயாத தலைவலி. இடக்கை தளர்ந்து ரப்பர் பால்வாளி நழுவ ஆரம்பித்தது. டிரெஸர் முகத்தில் கல்யாணக் களை!

"தங்கச்சி, கட்டியோட செல்லு ஒரு எடத்துல குந்தாது. ரத்தக்குழாய் ஓரமா, நரம்பப் புடிச்சிக்கிட்டு ஊர்ந்துபோயி நல்ல மூளைக்குள்ள பூந்துக்கும். லாலாங் புல்லு மாதிரி. மேல வெட்டுனா அடியில ஓடியிருக்கும்."

"மருந்து?"

"அது இந்தப் பாடத்துல இல்ல."

மனுஷனா இவர்?

பிறகு ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. போனவர்கள் திரும்புவதில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனையும் வரிசையில் நிறுத்தினார்கள்.

"இவன் மண்டையில கட்டி, பரவுது" என்றார் டிரெஸர்.

ஜப்பானிய அதிகாரி ஓரடி பின்வாங்கி ஏதோ கேட்டான். "ஒட்டுமான்னு கேக்குறாரு" என்றான் மொழிபெயர்ப்பாளன். 'ஒட்டும்' என்று ஒரு சொல் சொன்னால் அண்ணனை விட்டுவிடுவார்கள்.

"ஒட்டவே ஒட்டாது! மண்டைக்குள்ள மட்டுந்தான் பரவும்!"

படித்த முட்டாள். கையிலிருந்த சட்டியால் அவர் மண்டையிலேயே போடலாமா என்றிருந்தது. அண்ணனை லாரிப் பக்கம் தள்ளினார்கள். டிரெஸர் குறுக்கே பாய்ந்தார்.

"எப்படிப் பரவுதுன்னு கேளுங்கலா! ஒங்க பட்டாளம் சைக்கிள்ல வந்த மாதிரியேதான். ரோட்டப் புடிச்சி வந்து ஊரெல்லாம் பூந்துக்கும். அப்புறம் எவன் வெட்டுனாலும் போவாது!"

மொழிபெயர்ப்பாளன் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தான். அதிகாரி விட்ட அறையில் டிரெஸர் சேற்றில் உருண்டார். தூக்கப் போன அண்ணனுக்கு இடக்கை வரவில்லை. அவனும் அவர்மேல் சரிந்தான். அப்போதும் இந்த மனுஷன் அந்தக் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"பாருங்க, கைய ஆட்டுற எடத்துக்கு வந்துருச்சி!"

துவண்டு தொங்கிய கையை அதிகாரி பார்த்தான். காறித் துப்பினான்; அண்ணனை விட்டுவிட்டு லாரியைக் கிளப்பச் சொன்னான்.

அண்ணன் பிழைக்கவில்லை. கை, கால், பேச்சு என்று கட்டி அவர் சொன்னபடியே பரவியது. ஆனால் எங்கள் லயத்து வீட்டில், என் மடியில் தலைவைத்துப் போனான். சயாமுக்குப் போனவர்கள் வீட்டில் அந்த ஆறுதலும் இல்லை.

கெட்ட சேதி தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சர்க்கரைக்கு எங்கே போவேன்? அன்று வாங்கிய அறையில் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்த மனுஷன் மெல்ல வேண்டுமே என்று, மரவள்ளிக்கிழங்கைக் குழையக் குழைய அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.