நிலுவையில் ஒரு கல்யாணம்

குழந்தைத் திருமணத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒழிப்பதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. மாடியில் ஓர் அறை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். அந்தப் பிரிவுக்கு இதுவரை வந்த புகார் பூஜ்யம். புகார் இல்லையென்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் தடுத்தாகிவிட்டது. இந்தக் கணக்கில் அவர்கள் வருஷா வருஷம் கேடயம் வாங்கி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

என்ன இருந்தாலும் விழிப்புணர்வு வேண்டுமே. முன்பு ஊர்வலம் போவார்கள். அது பழைய மோஸ்தர் ஆகிவிட்டதென்று ஒரு தொண்டு நிறுவனத்து அம்மாள் வந்து சொன்னதும் செல்ஃபி பலகை வைத்தார்கள். ஆளுயரப் பலகையில் சர்வ அலங்காரத்தோடு ஒரு மணப்பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மேலே 'குழந்தைத் திருமணத்தைத் தவிர்ப்போம்' என்ற வாசகம், கீழே மூலையில் அரசு முத்திரை. பின்னால் போய் ஓட்டையில் முகத்தை நுழைத்தால் குழந்தை மணப்பெண்ணின் வேதனை விளங்கும் என்பது ஏற்பாடு. ஊரே வரிசையில் நின்று பல்லைக் காட்டி வேதனைப்பட்டது. தடுப்பு அதிகாரியின் மனைவி இரண்டு தடவை வேதனைப்பட்டார். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டாராம்.

எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் மகளும் போனாள். ஒன்பதாம் வகுப்பு. ஆள் கொஞ்சம் குள்ளம் என்பதால் பொடிசு என்று கூப்பிடுவோம். டீச்சர் முக்காலி போட்டு ஏற்றிவிட்டார். படம் நன்றாக வந்துவிட்டது, அதுதான் வினை. சிறந்த விழிப்புணர்வுப் படம் என்று பரிசு கொடுத்து எல்லா போன்களுக்கும் அனுப்பினார்கள். நாங்களும் ஆளுக்கொரு லைக் போட்டு அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டோம்.

படம் தெருத் தெருவாகப் போய் ஒரு டைல்ஸ் கடைக்காரர் வீட்டில் நின்றது. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன். குடும்பத்தோடு கிளம்பி இஸ்திரிக் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"பலகையிலேயே இவ்வளவு லட்சணமா இருக்காளே, நேர்ல கேக்கணுமா?" என்றார் பையனின் அம்மா. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். பொண்ணக் குடுத்தாப் போதும்."

அதுவரை இஸ்திரிக்காரருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. அரசாங்கமே பரிசு கொடுத்த படம், தேடி வந்த இடம், கேட்காத வரன். மனுஷன் மூன்று சட்டையைத் தீய்த்துவிட்டுச் சரி என்றார்.

"நான் பள்ளிக்கூடம் போகணும்பா" என்றாள் பொடிசு.

"போயேன். யாரு வேண்டாம்னா? கல்யாணத்துக்கு நாலு நாள்தான் லீவு."

பொடிசு அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு, தேய்த்த சட்டைகளைக் கொடுக்கும் சாக்கில் மாடியேறித் தடுப்பு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"சார், எனக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க. நிறுத்துங்க சார்."

அதிகாரி அலமாரியில் இருந்த கேடயங்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"பதினாலு."

"அடடா, அப்போ நீ மைனர். மைனர் குடுக்கிற புகாரை நேரா வாங்க முடியாதும்மா. அப்பா கையெழுத்து வேணும்."

"கல்யாணம் பண்ணி வைக்கிறதே அப்பாதான் சார்."

"அப்போ ரொம்ப சௌகரியம். வீட்லயே இருப்பாரு, வாங்கிட்டு வந்துரு."

"அவர் போட மாட்டார் சார். நானே கையெழுத்துப் போட எத்தனை வயசு ஆகணும்?"

"பதினெட்டு."

"பதினெட்டு ஆயிட்டா எதுக்கு சார் புகார்?"

"பாத்தியா? அதுக்குத்தான் அவசரப்படக் கூடாதுங்கிறது" என்றார் அதிகாரி.

அவருக்குச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிடத்தான் எண்ணம். ஆனாலும் ஒரு பேச்சுக்கு, "கல்யாணம்னு சும்மா சொன்னாப் போதுமா? ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

பொடிசு அழைப்பிதழை நீட்டினாள். மாப்பிள்ளையின் மாமா சிக்கனக்காரர். மணப்பெண் கோலத்தில் இருக்கிற படம் அது ஒன்றுதான் என்று அதையே அட்டையில் அச்சடித்திருந்தார். 'தவிர்ப்போம்' என்ற சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டார். மூலையில் இருந்த முத்திரையைக் கத்தரிக்கவில்லை. அரசாங்கமே முன்னின்று நடத்துகிற மாதிரி கௌரவமாக இருக்கிறதாம்.

அதிகாரி அசிரத்தையாகப் புரட்டினார். சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"இது நம்ம முத்திரை! யாரைக் கேட்டுப் போட்டாங்க?"

பதினாலு வயதுக்கு அசையாத அலுவலகம் முத்திரைக்கு அசைந்தது. சுற்றாத மின்விசிறிகூடச் சுற்றியது என்று கிளார்க் பிற்பாடு சத்தியம் செய்தார். இரண்டு ஜீப் கிளம்பிப் போய் மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டது. அழைப்பிதழ்கள் அத்தனையும் பறிமுதல். 'அரசு முத்திரையை அனுமதியின்றிக் கையாண்ட விவகாரத்தில் விசாரணை முடியும்வரை மேற்படி அழைப்பிதழில் கண்ட மணமகனோ மணமகளோ மேற்படி நபருடனோ பிற நபருடனோ திருமணம் செய்துகொள்ளலாகாது' என்று உத்தரவு. இரு வீட்டாருக்கும் நடுக்கம். ஜெயில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பொடிசு கிளார்க்கிடம் போனாள்.

"அண்ணா, விசாரணை முடிய எவ்வளவு நாளாகும்?"

கிளார்க்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளா? எங்கள என்னன்னு நெனச்ச? காம்பவுண்டு சுவர் இடிஞ்ச கேஸ், நான் வேலைக்குச் சேந்தப்ப ஆரம்பிச்சது. எனக்கு ரிட்டயர்மென்ட் வரப்போகுது. இன்னும் மேல் வரிசைச் செங்கல்லையே விசாரிச்சு முடிக்கல."

அன்றுதான் பொடிசு சிரித்தாள். நேராகப் பள்ளிக்கூடம் போனாள். அதன் பிறகு அந்த அலுவலகத்துச் சட்டைகளை அவளே தேய்த்தாள். காலர் கத்தி மாதிரி நிற்கும். பத்தாவது தேறினாள். பதினொன்றில் சேர்ந்தாள். யாராவது கல்யாணப் பேச்செடுத்தால் இஸ்திரிக்காரர், "கேஸ் நடக்குதில்ல?" என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அரசாங்கத்தோடு கேஸ் கிடையாது.

தடுப்புப் பிரிவுக்கு அந்த வருஷமும் கேடயம் கிடைத்தது. புகார் பூஜ்யம்தானே.

இங்கேதான் நாங்கள் வருகிறோம். அந்தக் கட்டடத்தின் சோம்பேறித்தனத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவன் பேரனோடு திரும்புகிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொங்கியெழுந்தோம். 'கோப்புகளே நகருங்கள்' என்று முழக்கம். முழக்கத்துக்கு ஒரு செல்ஃபி பலகை. அதில் ஓட்டை போட்ட நத்தை. தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு மனு அனுப்பினோம். இஸ்திரிக்காரர்கூடப் போட்டார். மைனர் என்பதால் பொடிசின் கையெழுத்தை மட்டும் வாங்கவில்லை.

மனு ஏற்கப்பட்டது. அலுவலகம் மொத்தத்துக்கும் தலைமையாகப் புது அதிகாரி வந்தார். நேர்மையானவர், சுறுசுறுப்பானவர், மின்விசிறியே போடாமல் வேலை பார்ப்பவர். வந்த அன்றே நிலுவைக் கோப்புகளையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். காம்பவுண்டு சுவர் காலையிலேயே முடிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இஸ்திரிக்காரரையும் மகளையும் கூப்பிட்டார்கள். நாங்கள் வராந்தாவில் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முத்திரைய எடுத்துட்டு வேற அழைப்பிதழ் அடிச்சுக்கோங்க. கேஸ் முடிஞ்சுது. தாராளமா கல்யாணத்த நடத்தலாம்" என்று உத்தரவை நீட்டினார் புது அதிகாரி. பெற்றுக்கொண்டதற்கு இஸ்திரிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"சார், எனக்குப் பதினாறுதான் ஆகுது" என்றாள் பொடிசு.

அவர் கோப்பைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். "இதுல வயசுக்கு இடமே இல்லயேம்மா. இது முத்திரை கேஸ். வயசு விஷயம்னா தடுப்புப் பிரிவு, பக்கத்து ரூம். அப்பா கையெழுத்தோட புகார் குடு, இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்."

பொடிசு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் உன்னைக் காக்க வெச்சதுக்கு அரசாங்கம் சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேம்மா" என்றார் அதிகாரி.

"இன்னும் ரெண்டு வருஷம் காக்க வெச்சிருக்கலாமே சார்."

"இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றார் அவர், எங்கள் காதிலும் விழும்படி.

நாங்கள் கைதட்டினோம். பொடிசு எங்களைத் தாண்டித்தான் படியிறங்கிப் போனாள். அவளுக்கு வழிவிட்டுவிட்டு, வரிசையில் எல்லோரும் ஓரடி முன்னால் நகர்ந்து நின்றோம்.