கீற்றுக் கொட்டகையில் பெய்த மழை

ஒரு விஷயத்தை நேரில் பார்க்காதவன்தான் அதைப் பற்றி அடித்துப் பேசுவான். பார்த்தவனுக்கு ஆயிரம் சந்தேகம் வரும். எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில், ஐந்தாம் வகுப்புக்கு நான் மழைக்காட்டைப் பற்றிப் பாடம் நடத்திய அழகு அப்படிப்பட்டது. அதுவரை நான் பார்த்த பெரிய காடு ரயில்வே லைன் ஓரத்து வேலிக்காத்தான் புதர். (அதற்குள்ளும் போனதில்லை. பாம்பு இருக்கும் என்பார்கள்.)

ஆனால் படித்திருந்தேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடிமனான படப்புத்தகத்தைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். உச்சி இலையில் விழுந்த மழைத்துளி தரைக்கு வந்து சேரவே வெகுநேரம் பிடிக்கும் என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மறுநாள் அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவ்வளவு தண்ணீரையும் யார் சார் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டாள் வசந்தி. காடே பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் விடும் என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு மழைக்காட்டின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

அவர்களை அப்படியே கட்டிப்போட்டது இருவாச்சிப் பறவையின் கதைதான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளேயே முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் பறவை வெளியே அலைந்து பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பமே பட்டினி. மரத்தையே வெட்டினால் கேட்கவே வேண்டாம். இதைச் சொன்ன அன்று மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியை கிரேஸ் மிஸ் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவருக்குச் சர்ச்சில் பழக்கமான வனத்துறை அதிகாரி ஒருவர் இருந்தார். வீடு பல்லாவரம், வேலை ஆனைமலைக் காட்டில். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் காட்டுக்குள் இருக்கும் ஓய்வு விடுதியில் இரண்டு நாள் தங்கவைக்க முடியுமா என்று மிஸ் அவரிடம் கேட்டார். அவர் லேசில் மசியவில்லை. சுற்றுலா என்று வந்து குரங்குக்கு பிஸ்கட்டும் காட்டுக்குப் பிளாஸ்டிக் பையும் போட்டுவிட்டுப் போகும் கூட்டத்தைப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். விடுமுறையில் வரும்போது பள்ளிக் கண்காட்சிக்கு வருகிறேன், காடு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் அனுமதி, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நாலு படம் வரைந்து ஒட்டியிருந்தால் போதும். எனக்குத்தான் அறிவு பொங்கி வழிந்த வயதாயிற்றே. பிரார்த்தனை நடக்கும் கீற்றுக் கொட்டகையையே மழைக்காடாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். பெஞ்சின் மேல் பெஞ்ச் போட்டுக் காட்டின் அடுக்குகளை அமைத்தோம். உச்சியில் இருவாச்சி, அதன் கீழே சோலைமந்திகள், அதற்கும் கீழே பறக்கும் அணில், தரையில் தவளையும் அட்டையும். டி.வி. வந்த அட்டைப்பெட்டிதான் இருவாச்சிக் கூடு. அதற்குள் வசந்தி, பஞ்சில் செய்த இரண்டு குஞ்சுகளோடு. காகிதக் கூழால் வாசலை அடைத்துக் கீறல் விட்டோம். ஆண் இருவாச்சியான அந்தோணி, இலந்தைப்பழப் பையோடு வெளியே பெஞ்சில் நின்றான். அட்டையாக நடித்த பையன் பார்க்கிறவர் கால்களையெல்லாம் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தான்.

காடு என்றால் சிள்வண்டு வேண்டாமா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விசில்கள் வாங்கிவந்து ஆறு பேர் வாயில் கொடுத்தேன். மழைக்காடு என்றால் மழை வேண்டாமா? பச்சை ரப்பர் குழாயில் கோணி ஊசியைக் காய்ச்சித் துளை போட்டு, கூரை மூங்கிலில் கட்டி, மறுமுனையை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மாட்டினேன். மாடியில் பி.டி. மாஸ்டர் செல்வராஜ். கொட்டகைக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. அதனால் ஓர் ஏற்பாடு. நான் ஒரு விசில் கொடுத்தால் அவர் வால்வை ஒரு சுற்றுத் திறக்க வேண்டும். நிறுத்துவதற்கு என்ன அடையாளம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. (இத்தனைக்கும் இரண்டு பேரும் பட்டதாரிகள்.)

அதிகாரி வந்தார். பெரிய மீசை, சிரிக்காத முகம். கிரேஸ் மிஸ் பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காட்டில் முதலில் நாம் கேட்பது சிள்வண்டின் ஓசை என்று ஆரம்பித்தேன்.

ஆறு விசில்களும் ஒன்றாக அலறின.

மாடியில் செல்வராஜ் மாஸ்டர் கடமை தவறாதவர். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு சுற்றுத் திறந்தார். முதலில் தூறியது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார், முகம் கொஞ்சம் இளகியது. அடுத்த நிமிடம் குழாய் மூங்கிலிலிருந்து பிய்த்துக்கொண்டு துள்ள, தண்ணீர் கொட்டோகொட்டென்று கொட்டியது. நான் நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். சார் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்த சிள்வண்டுகள் இன்னும் பலமாக ஊதின. மாஸ்டர் இன்னும் திறந்தார்.

அன்றைக்குப் பார்த்து பள்ளி வாசலில் லாரிக்காகப் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எங்கள் ஊரில் யாரும் சும்மா நின்றதாகச் சரித்திரம் இல்லை. மொத்த வரிசையும் மழைக்காட்டுக்குள் புகுந்தது. சோலைமந்திகளை ஒதுக்கிவிட்டுக் குடங்களை வைத்தார்கள். முன்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"இன்னா சார், படிச்சவங்கதான நீங்க? நல்ல தண்ணிய போய் இப்டி கீழ வுட்டுக்கினு கீறீங்க."

 கிரேஸ் மிஸ் கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, அதிகாரியின் தலைக்கு மேல் பிடித்தார். சந்தையில் தக்காளி விலை சொல்வதுபோல நிதானமாக, இது மூன்றாவது அடுக்கு சார், இங்கே பறக்கும் அணில் இருக்கும் என்று விளக்கிக்கொண்டே நடந்தார். அப்படி ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

எனக்கோ கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் போயிற்று, பிள்ளைகளின் காடு என் புத்தியால் போயிற்று என்றே நினைத்தேன். அட்டைப்பெட்டி நனைந்து தொய்ந்து ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அந்தோணியைப் பார்த்து, இறங்குடா, அவளையும் கூட்டிக்கொண்டு ஓடு என்றேன். அவன் தலையில் ஒட்டியிருந்த காகித அலகு கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கீறல் வழியாக இலந்தைப்பழத்தை ஊட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஓடிட்டா உள்ள இருக்கறவளுக்கு யாரு சார் சோறு போடுவா?"

அவன் சொன்னது அதிகாரியின் காதில் விழுந்தது. குடையை விட்டு வெளியே வந்து, கொட்டும் தண்ணீரில் நனைந்துகொண்டே கூட்டின் அருகே போனார். வெளியே வாம்மா என்று கீறல் வழியாகக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து வசந்தியின் குரல் கேட்டது.

"முடியாது சார். குஞ்சுக்கு இன்னும் றெக்க மொளைக்கல."

அவர் மீசையைத் துடைத்தார். தண்ணீரைத்தான் துடைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டியின் மறுபக்கத்தைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மொளைச்சிடுச்சும்மா, நான் பாத்துட்டேன். நீ தைரியமா வா" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் காகிதக் கூழைக் கிழித்துக்கொண்டு, பஞ்சுக் குஞ்சுகளைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்தபடி வெளியே வந்தாள். அதற்குள் தொட்டி காலியாகி மழை தானாகவே நின்றிருந்தது. பள்ளிக்கு அன்றைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், அந்தப் பெண்கள் பிடித்ததில் பாதியைத் தாங்களாகவே எங்கள் டிரம்மில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அதிகாரி ஈரச் சட்டையோடு கிரேஸ் மிஸ்ஸிடம், கோடை விடுமுறையில் பிள்ளைகளை அனுப்புங்கள் என்றார். என்னைக் காட்டி, இவரையும் கூட்டிவாருங்கள், இவரும் காட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

பார்த்தேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. புத்தகத்தில் படித்தது எவ்வளவு கொஞ்சம் என்று புரிந்தது. தலைக்கு மேலே ஓர் இருவாச்சி பறந்தபோது இறக்கைச் சத்தம் ரயில் போவதுபோல் கேட்டது. வசந்தியும் அந்தோணியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு மிட்டாய்த் தாளைக் கீழே போடவில்லை. மழைதான் இரண்டு நாளும் பெய்யவில்லை. திரும்பும் பேருந்தில் அந்தோணி, "காடு சூப்பர் சார். ஆனா மழ மட்டும் நம்ம ஸ்கூல்லதான் நல்லா பேஞ்சுது" என்றான்.

அந்தக் கண்காட்சியில் சோலைமந்திகளுக்கு வால் தைத்துக் கொடுத்த இரண்டாம் வகுப்பு டீச்சரைத்தான் பின்னால் நான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போதும் ஏரி வற்றி, லாரி வராமல், தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் அவள் காலிக்குடத்தை என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள்.

"ஒரு கண்காட்சி வையுங்களேன்."