ஐந்தாவது வளைவில் செத்துப்போன வில்லன்

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே வில்லன் செத்துப்போய்விட்டான். அங்கேதான் ஆனந்தனுக்கு வியர்க்க ஆரம்பித்தது.

முறைப்படி வில்லன் ஏழாவது வளைவில்தான் சாக வேண்டும். அதற்குப் பிறகு கதாநாயகன் ஒரு வசனம் பேசி, குடும்பத்தோடு சேர்ந்து, சுபம் போடுவதற்கும், ஜீப் மலையேறி ரேஷன் கடை வாசலில் நிற்பதற்கும் சரியாக இருக்கும். இப்போதோ இன்னும் பாதி மலை பாக்கி இருந்தது. கையில் கதை இல்லை.

"செத்துட்டானா? அதுக்குள்ளயா?" என்று கேட்டார் முன் சீட்டில் இருந்த சாந்தம்மாள். மகளிர் குழுத் தலைவி. எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர்.

"செத்த மாதிரி நடிச்சான்க்கா," என்றான் ஆனந்தன், கியரை மாற்றிக்கொண்டே. "இப்ப எழுந்துக்கினான் பாரு!"

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதை பிடித்துவிட்டது என்று ஆனந்தன் நினைத்துக்கொண்டான்.

ஜவ்வாது மலையில் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் தியேட்டர் கிடையாது. ஆனந்தனின் ஜீப்தான் தியேட்டர். பெரிய படம் எது வந்தாலும் முதல் நாள் முதல் காட்சியைப் போளூரில் பார்த்துவிடுவான். மறுநாள் ஜீப்பில் அந்தப் படம் ஓடும். மலை இறங்கும்போது முதல் பாதி. போளூர் சந்தையில் இடைவேளை. ஏறும்போது இரண்டாம் பாதி. அந்த நாட்களில் ஜனங்கள் கையைக் காட்டாமல் பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்புக்காகக் காத்திருப்பார்கள். பஸ்ஸில் சொகுசாக உட்காரலாம்தான், ஆனால் பஸ் டிரைவர் கதை சொல்ல மாட்டார்.

ஆனந்தன் ரசிகன் என்றால் அப்படி ஒரு ரசிகன். ஒரு படத்தையும் திட்டத் தெரியாது. "அத்தினி பேரு சேந்து கஷ்டப்பட்டு எடுத்துருக்கான். அதுல நமக்குன்னு ஒரு சீன் கூடவா இல்லாம போய்டும்?" என்பான். இரண்டாம் பாகங்களைப் பற்றி அவனுக்குத் தனிக் கருத்து உண்டு. "மொத பாகம் பொண்ணு பாக்கப் போற மாதிரி. எல்லாமே அழகாத்தான் தெரியும். ரெண்டாம் பாகம் குடித்தனம். அதுல நின்னு ஜெயிச்சாத்தான் டைரக்டரு." அறிவியல் படங்கள் என்றால் உயிரையே விடுவான். "ராக்கெட்ட யாரு வேணா காட்டலாம். அதுல போறவன நெனச்சு வூட்ல யாரு அழுறாங்கன்னு காட்டணும். அப்பத்தான் ராக்கெட்டே மேல போவும்."

அவனிடம் ஒரு சட்டமும் இருந்தது. படம் பார்க்கப் போகிறவர்களிடம் முடிவைச் சொல்லக் கூடாது, அது மகா பாவம். பார்க்கப் போகாதவர்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது, அதுவும் பாவம். அதனால் ஜீப்பைக் கிளப்பும் முன் திரும்பிப் பார்த்து, "யாருனா படத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

'காலக்கதவு' என்ற படத்தின் முதல் பாகத்தை அவன் எத்தனை முறை ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. காலத்தைத் தாண்டிப் போக ஒரு கதவைச் செய்கிறான் கதாநாயகன். கடைசிக் காட்சியில் அவன் உள்ளே விழ, கதவு மூடிக்கொள்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள். படம் முடிந்தது. தட்டியது யார்? மலையே இரண்டு வருடமாக அந்தக் கேள்வியோடுதான் சாமை அறுத்தது, புளி உலுக்கியது.

இரண்டாம் பாகம் வெள்ளிக்கிழமை வெளியானது. ஆனந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே ஜீப்பை எடுத்தான். சாந்தம்மாளும் குழுப் பெண்களும், புளி மூட்டை, பலாக் கூடையோடு இன்னும் சிலரும் ஏறிக்கொண்டார்கள். பாதி மலையில் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

"நாங்க பஸ்ல போறோம். எங்களுக்கும் போளூர்ல வேல கெடக்கு. நீ சீக்கிரமா வந்து சேரு தம்பி," என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரும் போய்விட்டார்கள். மெக்கானிக் வந்து சேரவே மதியம் தாண்டிவிட்டது. வேலை முடிந்தபோது சட்டையில் இஸ்திரியும் இல்லை, வானத்தில் வெளிச்சமும் இல்லை. அதுவரை பாறை மேல் உட்கார்ந்திருந்த ஆனந்தன் அழாத குறையாக மலைக்குத் திரும்பினான்.

சனிக்கிழமை காலை ஜீப் நிரம்பி வழிந்தது.

"இன்னா தம்பி, மெக்கானிக்கு வந்தானா? படம் பாத்தியா?" என்றார் சாந்தம்மாள்.

இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். மலை முழுக்க அவனுக்கு இருந்த பெயர் அவ்வளவும் அந்த வாய்க்குள் வந்து குறுக்கே நின்றது. "அரை மணியில முடிச்சுட்டான்க்கா. டைட்டில் கூட மிஸ் ஆவல," என்று வெளியே வந்தது.

புளி வியாபாரி கோபால்சாமிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

"யாருனா படத்துக்குப் போறீங்களா?" என்று வழக்கம்போல் கேட்டான் ஆனந்தன். யாராவது கையைத் தூக்கினால் தப்பித்துவிடலாம்.

"இனிமே எங்க போறது? நீ சொல்லு," என்றார் சாந்தம்மாள்.

சொன்னான். என்ன செய்வான், தெரிந்ததை வைத்துத்தானே சொல்ல முடியும்! எதிர்காலத்துக்குப் போன கதாநாயகனின் கால யந்திரம் நடுவழியில் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுச்சு?"

"கிளட்ச் பிளேட் போய்டுச்சு."

"கால யந்திரத்துக்குமா?" என்றார் கோபால்சாமி.

"கிளட்ச் இல்லாம எது மாமா ஓடும்?"

எதிர்காலத்து ஜனங்களுக்கு சாமை என்றால் என்னவென்றே தெரியவில்லை. மாத்திரையைத் தின்று சோர்ந்து கிடக்கிறார்கள். கதாநாயகன் மலைக்குத் திரும்பி வந்து ஒரு பிடி சாமையை மடியில் கட்டிக்கொண்டு போகிறான். வில்லன் குறுக்கே வருகிறான். போளூரில் மூட்டை ஏற்றி இறக்கவே நேரம் சரியாகப் போனதால், இதற்கு மேல் யோசிக்க ஆனந்தனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே ஏறும்போது ஐந்தாவது வளைவில் வில்லனை அவசரப்பட்டுக் கொன்றான், எழுப்பினான், கடைசியில் பாறையிலிருந்து மலைத்தேனீக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு ஏழாவது வளைவில் மறுபடியும் கொன்றான். கதவைத் தட்டியது யார் என்ற கேள்விக்கு, "அது காத்து" என்று சொல்லி முடித்தான்.

ஜீப்பில் ஏறியதும் தூங்கிவிடும் மாணிக்கம்மாள் என்ற பலாப்பழக்காரம்மா கூட அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேஷன் கடை வாசலில் எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"இவ்ளோ நல்லா இருக்குதே, நாளைக்கு ஞாயித்துக்கெழம. எல்லாரும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம். நீதான் கூட்டிட்டுப் போவணும்," என்றார் சாந்தம்மாள்.

"அய்ய, வேணாங்க்கா," என்று பதறினான் ஆனந்தன். " சத்தம் காதப் பொளக்குது. பிரஷர் இருக்கறவங்களுக்கு ஆவாது. மாமாவுக்கு பிரஷர் இருக்குதே!"

"மாத்திரய முழுங்கிட்டு வர்றேன்," என்றார் கோபால்சாமி.

"அது மட்டும் இல்ல மாமா. நீளம் சாஸ்தின்னு போளூர்ல இன்னிக்குப் படத்த வெட்டிட்டாங்களாம். தேனீ சீனே இல்லியாம்."

"அய்யோ, தேனீ இல்லாமயா?" சாந்தம்மாள் மார்பில் கை வைத்தார். "அப்ப வேலூருக்கே போய்டலாம். அங்க முழுசா போடுவான்."

வேலூர் என்ற பேச்சு அடிபட்டதும் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஜீப் போதாது என்றானது. ஆனந்தன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த டைரக்டரு ஊருக்கு ஒரு முடிவு வச்சிருக்கான். வேலூர்ல வேற முடிவு. நான் சொன்னது அங்க இருக்காது."

"அப்ப கட்டாயம் போவணும்," என்றார் கோபால்சாமி. "உன் முடிவுதான் எங்ககிட்ட இருக்குதே. வேலூர் முடிவையும் பாத்துக்குவோம்."

பொழுது சாய்வதற்குள் மூன்று ஜீப் ஆகிவிட்டது.

வீட்டில் ஆனந்தன் போனைக் கையில் எடுத்தான். படத்தின் கதையை யாராவது எழுதியிருப்பார்கள். படித்துவிட்டால் நாளைக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். எடுத்த போனைக் கவிழ்த்து வைத்தான். மானம் போனாலும் போகட்டும், படத்தின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள மாட்டான். அவனை நாம் பொய்யன் என்று சொல்லலாம், ரசிகன் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் தியேட்டரில் அவனைப் பிடித்து வரிசையின் நட்டநடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் சாந்தம்மாள், மறுபக்கம் மாணிக்கம்மாள். தப்பித்து எழுந்து போவதற்கு வழியில்லை. முதல் காட்சியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும், திரும்பிப் போகும்போது ஜீப்பில் ஒருவரும் ஏற மாட்டார்கள், இனிமேல் எந்தக் கதையும் எடுபடாது என்று நினைத்து நினைத்து அவன் நாற்காலிக்குள் சரிந்து உட்கார்ந்தான்.

விளக்கு அணைந்தது. படம் ஆரம்பித்தது. ஆனந்தன் எல்லாவற்றையும் மறந்துபோனான்.

படம் அப்படி! எதிர்காலத்து நகரத்தை எடுத்திருந்தார்கள் பாருங்கள், அங்கேயும் ஒருவன் மழைக்குக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றான், ஒரு தாய் பிள்ளையை அதட்டிச் சாப்பிட வைத்தாள். நம்பும்படியாக இருந்தது. அறிவியல் படத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனந்தன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"எழுந்துரு தம்பி, இன்டர்வெல்லு. முன்னாடியே போனாத்தான் வட கெடைக்கும்," என்று மாணிக்கம்மாள் அவன் தொடையைத் தட்டினார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் இடைவேளை விழுந்தது. அம்மாவுக்குப் பசி போல என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் கதவு வந்தது. தட்டும் சத்தம் கேட்டது. முதல் பாகத்தில் எல்லோரும் எதிரி என்று நினைத்துப் பயந்த அதே சத்தம். மாணிக்கம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. அந்தப் பக்கம் நின்றது கதாநாயகனின் மனைவி. தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் உள்ளே போன நாளிலிருந்து தினமும் காலையில் தவறாமல் வந்து தட்டியிருக்கிறாள். அவன் பக்கத்தில் ஒரு நிமிடம், அவள் பக்கத்தில் ஒரு ஆயுசு.

ஆனந்தன் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. மொத்தம் மூன்று தட்டல். அதை வைத்து முதல் பாகம் முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டானே இந்த டைரக்டர்! "ரெண்டாம் பாகம்னா இதான்யா!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினான். தன் தேனீக்களை நினைத்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. காற்று என்றல்லவா சொல்லி வைத்திருக்கிறான், பாவி!

வெளியே வந்தபோதுதான் பழைய பயம் திரும்பி வந்தது. ஒருவரும் தேனீ எங்கே என்று கேட்கவில்லை. கிளட்ச் பிளேட் எங்கே என்று கோபால்சாமி கூடக் கேட்கவில்லை. எல்லோரும் பேசாமல் ஜீப்பில் ஏறினார்கள். போளூர் தாண்டியது. மலை ஆரம்பித்தது. முதல் வளைவு போனது, இரண்டாவது போனது. கண்ணாடியில் பார்த்தான். சாந்தம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு புன்னகை மாதிரி எதையோ அடக்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வளைவில் அவனால் தாங்க முடியவில்லை. ஜீப்பை ஓரம் கட்டினான்.

"அக்கா, மாமா... எல்லாரும் என்ன மன்னிச்சுக்கணும். வெள்ளிக்கிழம நான்..."

பின் சீட்டிலிருந்து மாணிக்கம்மாள் கூடையால் அவன் முதுகில் ஒரு இடி இடித்தார்.

"தெரியும், பேசாம ஓட்டு தம்பி! படம் பாக்கப் போறவங்ககிட்ட முடிவச் சொல்லக் கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட? அதான், மொத நாளு நாங்க பாத்தப்ப போளூர்ல உனக்குன்னு புடிச்சு வச்ச எடத்துல இந்தக் கூடை ஒக்காந்து முழுப் படமும் பாத்துச்சுன்னு, நீ பாத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல."