ஃபோர்ட்ரானுக்குச் சிவப்பு அரளி

கம்ப்யூட்டர் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். முதன்முதலில் எந்தக் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்வது என்று இளைஞர்கள் வந்து கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஆழ்ந்து யோசிப்பதுபோல் நடிப்பேன். இவர்களுக்கு என் கதை தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த யோசனை. என்னுடைய முதல் மொழியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. திருவரங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் காளியம்மன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். (ஒரு மாதம் வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.)

அறுபதுகளின் கடைசி அது. புதுக்கோட்டையில் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு வருஷமாக எங்கள் முந்திரித் தோப்புக்குக் காவல் இருந்தேன். பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. பெரிய கம்பெனி ஒன்று கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறது, கணக்குப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கும். எழுதிப் போட்டேன். திருச்சிக்குக் கூப்பிட்டு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். தேறிவிட்டேன். அடுத்து நேர்முகம். அதற்கு முன்னால் நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளுக்கு இரண்டே கட்டம். ஃபோர்ட்ரான் என்றால் திருச்சியில் பயிற்சி, திருச்சியிலேயே வேலை. கோபோல் என்றால் இரண்டும் மெட்ராஸில். ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

இரண்டு பெயரையும் அன்றுதான் கேள்விப்படுகிறேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் ஓடினேன். படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே ஃபாரின் சரக்குப்பா, எதுவும் சோடை போகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாள் தூங்கவில்லை. தப்பான கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் முந்திரித் தோப்புதான் என்று தோன்றியது.

நான்காம் நாள் என் அம்மா வழி சொன்னாள். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"எதுக்குடா இப்புடி மருகுறே? பூக்கட்டிப் பாத்துருவோம்."

பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுவே உத்தரவு. நான் படித்தவன், இதையெல்லாம் நம்பமாட்டேன் என்று கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பேசிக் கோப்பையே வாங்கியிருக்கிறேன். கோப்பையை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

சிவப்பு அரளி வந்தால் ஃபோர்ட்ரான், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கோபோல் என்று பேச்சு. ஆத்தாவே இரண்டையும் பூவரச இலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

"காளி உத்தரவு குடுத்துட்டா. கண்ண மூடிக்கிட்டு சேரு தம்பி" என்றார் பூசாரி.

நான் கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோது, பிரிக்காத பொட்டலத்தை ஆத்தா மடியில் செருகிக்கொண்டிருந்தாள். அதைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஃபோர்ட்ரான் புத்தகம் இரவல் வாங்கி, புரிந்தாலும் புரியாவிட்டாலும் மனப்பாடம் செய்தேன். (புரியவில்லை.) நேர்முகத்துக்குப் போகும்போது பஸ்ஸில் அதன் அட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எதுக்குண்டான மருந்துங்க தம்பி?" என்று மரியாதையாக விசாரித்தார்.

நேர்முகத்தில் இரண்டு பேர். ஒருவர் ஒல்லியான அதிகாரி. இன்னொருவர் வழுக்கைத் தலை, சாந்தமான முகம். ஒல்லிக்காரர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியிலேயே கை வைத்தார்.

"ஃபோர்ட்ரானை ஏன் எடுத்தீங்க, மிஸ்டர் சின்னையா?"

இதற்கென்றே இங்கிலீஷில் ஒரு பதில் உருப்போட்டு வைத்திருந்தேன். முதல் சொல்லே வரவில்லை. வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது.

"பூக்கட்டிப் பார்த்தோம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எந்தப் பூவுக்கு எந்த மொழி, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று நானும் உற்சாகமாகி, பூவரச இலை வரைக்கும் சொன்னேன்.

"சரி. சிவப்பு வந்துச்சு. இன்னொரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். மொதல்லேயே சிவப்பு வந்துருச்சே."

"அப்போ அதுல வெள்ளை இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க ஆத்தாதான் சார் கட்டுனாங்க."

"நீங்க எங்கே வேலைக்குப் போகணும்னு அவங்களுக்கு ஆசை?"

"திருச்சிதான் சார். மெட்ராஸ்னாலே அழுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வழுக்கைத் தலைக்காரர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தரை பிளந்து அந்த மேஜை நாற்காலியோடு என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"மிஸ்டர் சின்னையா, குடுத்ததை அப்படியே நம்புறதுக்கு எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு. இன்னொண்ணு வேண்டாம்" என்றார் ஒல்லிக்காரர். படிவத்தில் இருந்த ஃபோர்ட்ரானைக் குறுக்கே அடித்தார்.

எழுந்து கதவு வரை போய்விட்டேன். வழுக்கைத் தலைக்காரர்தான் கூப்பிட்டார். "எழுத்துத் தேர்வுல நல்ல மார்க் வாங்கியிருக்கீங்க. மெட்ராஸ் கோபோல் வகுப்புக்கு ஆள் குறையுது. போறீங்களா?"

"போறேன் சார்" என்றேன். பூசாரியையும் கேட்கவில்லை, காளியையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆத்தா முற்றத்தில் உட்கார்ந்து விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஆத்தா, அந்த இன்னொரு பொட்டலத்துல என்ன பூ?"

அவள் தலை நிமிரவில்லை. "செவப்புதான்."

"சாமி முன்னாடி இப்புடிச் செய்யலாமா?"

"அவகிட்ட சொல்லிட்டுத்தான்டா கட்டுனேன். மலாயாவுக்குப் போன ஒன் மாமன் வருசத்துக்கு ஒரு காயிதம் போடுறான். நீ திருச்சியில இருந்தா சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை வந்து சாப்புட்டுட்டுப் போவே. அம்புட்டுத்தானே கேட்டேன்?"

கோபமாகத்தான் வந்திருந்தேன். அவள் அப்படிச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெட்ராஸ் சங்கதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் சொன்னேன். கடலை உடைத்த கை நின்றது. "ஒண்ணுல வெள்ளையையே வச்சுருக்கலாம் போலருக்கு" என்றாள். மெட்ராஸ் போனவன் போனவன்தான். தீபாவளி, பொங்கல், அப்புறம் அவளுடைய காரியம், இவ்வளவுக்குத்தான் ஊருக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ரொம்ப அக்கறையாக யோசனை சொன்னால், "இன்னொரு பொட்டலத்தைக் காட்டு" என்று கேட்பார்கள். மகள் படிப்பை முடித்த வருஷம், முதலில் எந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் நல்ல இடம் பெங்களூரில் இருந்தது. இன்னொன்றை எங்கள் அடுத்த தெருவிலேயே, ஒரு மாடியில் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது வருஷ அனுபவத்தையும் திரட்டி, அடுத்த தெரு மொழியே ஏன் சிறந்தது என்று அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். அவளும் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா கையில இருக்கிற இன்னொரு பொட்டலத்தையும் வாங்கிப் பிரிச்சுப் பாருடி" என்றாள்.