விலாசம் இல்லாத மாத்திரை

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், உன் அக்கா நேற்று உனக்குப் போன் செய்து அழுதது என் காதில் விழுந்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்தார், தினம் காலையில் ஒன்று. அதன் நீளத்தைப் பார்த்தால் மனிதனுக்காகச் செய்தது போலவே இல்லை. இரண்டு நாள் தொண்டையில் நின்று மல்லுக்கட்டியது. எப்படியும் வயிற்றில் கரையத்தானே போகிறது, அந்த வேலையை நாமே முடித்துக் கொடுப்போமே என்று மூன்றாம் நாள் டம்ளர் அடியால் நசுக்கிப் பொடியாக்கி, வாழைப்பழத்தில் வைத்து விழுங்கிவிட்டு, நிம்மதியாகச் சவரக் கடைக்குப் போனேன். வலது கன்னம் முடிந்து மீசைக்கு வரும்போது கண்ணாடியில் இருந்த நான் மங்கிக்கொண்டே போனேன். கூப்பிடலாமென்றால் நாக்கு எழவில்லை. கடைக்காரரோ நான் தூங்குவதாக நினைத்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருக்கிறார், நல்ல மனுஷர். என் தலை தொங்கி, பாதி மீசை கத்தியோடு போன பிறகுதான் “ஐயா, ஐயா, என்னாச்சு?” என்று பதறித் தரையில் கிடத்தி, என் கால்களைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாராம். உன் அக்கா ஓடி வந்து பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். கட்டிலருகே உன் அக்கா. ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் என் செருப்பு. டாக்டர் “இனிமே பொடி பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாமல் இனி ஒரு மாத்திரையும் என் தொண்டையில் இறங்காது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பியதும் நேராக அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்த அம்மாவைக் கேட்டேன்.

“அது முழு நாளுக்கான மருந்து சார். கொஞ்சம் கொஞ்சமா கசியற மாதிரி செஞ்சிருக்காங்க. நீங்க நசுக்கினதால மொத்தமும் ஒரே நேரத்துல இரத்தத்துல கலந்து அழுத்தத்தை இறக்கிருச்சு.”

“சரிம்மா. தலைவலி மாத்திரைக்குத் தலை எங்க இருக்குன்னு யார் சொல்றது?”

“யாரும் சொல்றதில்ல சார். இரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும், கால் கட்டைவிரல் வரைக்கும்.”

“விலாசமே இல்லாமலா?” என்று கத்திவிட்டேன். தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்தவன் இதை எப்படிப் பொறுப்பான்?

“பொருந்துற இடத்துல ஒட்டிக்கிட்டு வேலை செய்யும் சார். சில சமயம் வேண்டாத இடத்துலயும் ஒட்டிக்கும். அதுதான் பக்க விளைவு.”

“ஒருதடவை ஒட்டினா போதாதா? தினமும் எதுக்கு?”

“கல்லீரல் அதை உடைச்சுக்கிட்டே இருக்கும், சிறுநீரகம் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். உடம்புக்கு மருந்து வேத்தாளு சார்.”

இதற்குள் எனக்குப் பின்னால் பதினொரு பேர். கையில் கட்டுப் போட்டவர் ஒருவர், “எனக்கு வலி மாத்திரை குடுங்கம்மா. விலாசமில்லாட்டியும் பரவாயில்ல” என்றார். நான் நகரவில்லை. என் தொண்டைக் கதையையும் சொன்ன பிறகு, அந்த அம்மா டாக்டரிடம் பேசி, அழுத்தத்துக்கே வேறொரு சின்ன மாத்திரை எழுதி வாங்கித் தந்தார்.

வீடு வரைக்கும் உன் அக்கா என் கையைப் பிடித்தே கூட்டி வந்தாள். வீட்டு வாசலில் நின்று, “கேள்வி கேக்கறதை நான் வேண்டாங்கல. முழுங்கறதுக்கு முன்னாடி கேளுங்க” என்றாள். அவ்வளவுதான். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி நேரம் தவறமாட்டேன், கவனம் சிதறமாட்டேன், அவளிடம் எதையும் மறைக்கமாட்டேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் எல்லோருடைய கல்லீரலும் சிறுநீரகமும் குறைவில்லாமல் உழைக்கட்டும்.

இப்படிக்கு,
பாதி மீசையுடன்,
அத்தான்

பி.கு.: இன்றைய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது கையில் இல்லை. விழுங்கினேனா, கீழே விழுந்ததா, சத்தியமாக நினைவில்லை. இன்னொன்று போடவும் பயம், உன் அக்காவிடம் சொல்லவும் பயம். நீயே யாரையாவது விசாரித்து உடனே சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாளாகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.