கோபமில்லா நாட்கள்: முப்பத்தொன்பது

இனிமேல் கோபமே படுவதில்லை என்று முடிவெடுத்த சாம்சன், அதைக் கத்தித்தான் சொன்னார். திருநீற்றுப் புதன் பூசை முடிந்து, வாசலில் நாலு பேரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவர், நெற்றிச் சாம்பல்கூட அழியாமல் கூடத்தில் நின்றார். "லூர்து! ஏய் லூர்து! எத்தினி தபா கூப்புட்றது! இன்னிலேர்ந்து நான் பொறுமைசாலி!"

பூசையிலிருந்து முன்னாடியே வந்துவிட்ட மனைவி லூர்தம்மாள் சோபாவில் உட்கார்ந்து, புது டியூபைப் பிதுக்கிக் குதிகால் வெடிப்புக்குத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எத்தினி நாளைக்கு?" என்றாள்.

காரணம் பக்தி என்று எழுதினால் எனக்குப் பாவம். ஈஸ்டருக்கு முன்வரும் பெரிய வியாழனன்று ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார் இல்லையா? படப்பையில் அவர்கள் கோயில் பங்குக்கு அன்பியங்களும் பன்னிரண்டு. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்தால் ஓர் அன்பியம். "ஆணோ பெண்ணோ, பொறுமையிலும் தாழ்ச்சியிலும் சிறந்தவர் ஒருத்தரை ஒவ்வோர் அன்பியமும் கூடித் தேர்ந்தெடுக்கட்டும்" என்று ஃபாதர் அன்றைய பூசையில் அறிவித்துவிட்டார். போன வருஷம் இவர்கள் அன்பியத்துக்காகப் பாதம் கழுவும் நாற்காலியில் உட்கார்ந்தவர் எதிர்வீட்டு அய்யாத்துரை. அன்று முதல் அவருடைய வாட்ஸப் படமே அவருடைய வலது கால்தான்.

சாம்சனுக்கு அந்த நாற்காலி வேண்டும். தாழ்ச்சியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே எழுந்து நின்று பார்க்க வேண்டும்.

வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் அவர் சேஃப்டி சூப்பர்வைசர். அங்கே கேட்டருகே 'விபத்தில்லா நாட்கள்' என்று எண் போட்ட பலகை தொங்கும். ஒரு விரல் நசுங்கினாலும் எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அதே மாதிரி ஒரு பலகையை ஃப்ரிட்ஜுக்கு மேல் மாட்டினார். 'கோபமில்லா நாட்கள்.'

"நம்பரு நீதான் போடணும். அவனவன் நம்பர அவனவனே போட்டுக்கினா ஆடிட்ல ஒத்துக்க மாட்டான்."

"சரிங்க."

"ஒரு நோட்டும் வெச்சிக்க. நியர் மிஸ் எழுதறதுக்கு."

"அது இன்னாது?"

"விபத்து நடக்கல, ஆனா நடக்க இருந்துது. மேலேர்ந்து ஸ்பேனர் வுழுந்துது, தலைல படல. அதுவும் ரெக்கார்டு ஆவணும். தேதி, டைமு, எல்லாம். மறைக்கவே கூடாது."

"மறைக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது!"

"நீங்க சொன்னா சரி" என்று லூர்தம்மாள் அடுத்த காலுக்குப் போனாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை, பைபிளில் உடம்பெல்லாம் புண்ணோடு பொறுத்திருந்த யோபு பார்த்திருந்தால், தன் புண்களே தேவலை என்று போயிருப்பார்.

மூன்றாம் நாள் சாம்பாரில் உப்பில்லை. "இன்னா லூர்து இது?" "தவக்காலங்க. ஒறுத்தல்." ஒன்பதாம் நாள், மேட்ச்சின் கடைசி ஓவரில் சீரியலுக்கு மாற்றினாள். பதினாலாம் நாள், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவரை உலுக்கி, "தூங்கறீங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டாம் நாள் குன்றத்தூரிலிருந்து அவள் தம்பி ஜெகதீஷ் குடும்பத்தோடு வந்து இறங்கினான். பதினோரு நாள். அதில் ஒரு நாள் சாம்சனின் பைக்கில் போனவன் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தான். "பைக் எங்க..." என்று தொடங்கிய சாம்சன், "...னா இருக்கட்டும், சாப்ட்டியா மச்சான்?" என்று முடித்தார். நோட்டில் அரைப் பக்கம் ஏறியது.

எண்ணும் ஏறியது. பெரிய வியாழனுக்கு நாலு நாள் முன், குருத்து ஞாயிறு சாயங்காலம் முப்பத்தொன்பது. அன்றைக்கு அன்பியக் கூட்டமும் சாம்சன் வீட்டில்தான். செபம் முடிந்தது. அன்பியத் தலைவி ஷாரோன் டீச்சர், "யார் பேரச் சொல்றீங்க?" என்றார்.

"போன வருசம் நான். இந்த வருசமும் எனக்கொண்ணும் ஆட்சேபன இல்ல" என்றார் அய்யாத்துரை.

சாம்சன் எழுந்தார். பலகையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "என்னப் பத்தி நானே சொல்லக் கூடாது டீச்சர். ரெக்கார்டு பேசும்" என்று நோட்டை நீட்டினார். இத்தனை நாளில் அவர் அதைத் திறந்து பார்த்ததில்லை. எண்தான் ஏறுகிறதே, போதாதா?

முத்து முத்தான கையெழுத்து. டீச்சர் உரக்கப் படித்தார்.

"'மூன்றாம் நாள், மதியம் 1.10. சாம்பாரில் உப்பில்லை. தட்டு இரண்டு அங்குலம் மேலே எழும்பியது. யோசித்தது. இறங்கியது.'"

சாம்சன் நோட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். டீச்சர் பக்கத்தைத் திருப்பினார்.

"'பதினாலாம் நாள், காலை 9.40. தலையணை ஓங்கப்பட்டது. கொசு அடித்தேன் என்றார். கொசு இல்லை.' 'இருபத்தேழாம் நாள். என் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். பயமாக இருந்தது. இயேசுவே என்று பொறுத்துக்கொண்டேன்.'" டீச்சர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மொத்தம் நூத்திப் பன்னண்டு."

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"தோ பாரு, நாப்பது நாளைக்கே நூத்திப் பன்னண்டு!" என்றாள் அடுத்த தெரு செந்தாமரை. "அக்கா இருவத்தேழு வருசமா இந்த மனுசங்கூட குடும்பம் நடத்தினு கீது! இதுக்கு மேல இன்னாய்யா பொறுமை?"

"லூர்தம்மாள் பேருக்குச் சம்மதமா? கையத் தூக்குங்க" என்றார் டீச்சர்.

எல்லாக் கையும் எழுந்தது. அய்யாத்துரை இரண்டு கையையும் தூக்கினார்.

"அநியாயம்! அது என் சேருடீ!"

சாம்சன் போட்ட சத்தத்தில் மாதா சுரூபத்துக்கு முன் எரிந்த மெழுகுவத்தி அணைந்தே போயிற்று. லூர்தம்மாள் நிதானமாக எழுந்து வந்தாள். பலகையை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையால் முப்பத்தொன்பதைத் துடைத்தாள். பூஜ்யம் போட்டாள். அழகான, வட்டமான பூஜ்யம்.

பெரிய வியாழன் வந்தது. "தாழ்ச்சி கத்துக்க ஆசப்பட்டீங்களாமே சாம்சன்" என்று ஃபாதர் தண்ணீர் ஏந்தும் தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். பதினோரு பேருக்கு மண்டியிட்டுப் பிடித்தவர், பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்தார். லூர்தம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தை நீட்டினாள்.

சாம்சன் திடுக்கிட்டார். இருபத்தேழு வருஷமாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த குதிகால், ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையுடையதைப்போல வழவழவென்றிருந்தது.

"எப்போலேர்ந்துடீ பிளான் பண்ண?" என்று கிசுகிசுத்தார்.

லூர்தம்மாள் பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு ஃபாதர் 'ஆணோ பெண்ணோ'ன்னாரே, வர்ற வழியிலயே மெடிக்கல்ல டியூபு வாங்கிட்டேங்க. தாம்பாளத்த நேரா புடிங்க, தண்ணி சிந்துது."